எட்டு ஒன்பது ஆஸ்கார் விஸ்கி

முனீஸ்வரிக்கு ஒரு செட்டு வேண்டும். கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தச் செட்டுக்காக அவள் ஓடிய ஓட்டம்.

செட்டு என்றால் பாட்டுக் கேட்கிற பெட்டி இல்லை. கம்பியும் டவரும் இல்லாமல் மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம் இருப்பவரோடு பேசுகிற வானொலி. அதை வைத்துக்கொள்ளச் சர்க்கார் பரீட்சை எழுதி லைசென்சு வாங்க வேண்டும். போடிநாயக்கனூரில் மிக்ஸி, கிரைண்டர், தண்ணி மோட்டார் ரிப்பேர் பார்க்கிற முனீஸ்வரி நாற்பத்தொரு வயதில் அந்தப் பரீட்சையை எழுதிப் பாஸும் பண்ணிவிட்டாள். லைசென்சு கடைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. செட்டு மட்டும் இல்லை. கார் இல்லாதவன் டிரைவிங் லைசென்சை மாட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று எதிர்க்கடைக்காரன் சொன்னதற்கு அவள் இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை.

ஏன் இந்த வெறி என்று கேட்டால் அதற்கும் காரணம் உண்டு. போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும். சாயங்காலம் இறங்கும். போன வருஷம் ஆடி மழையில், ஜக்கையன் ஓட்டிய ஜீப்பு தோட்டத்து ரோட்டில் இரண்டு மண்சரிவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. உள்ளே பதினோரு பெண்கள். அதில் ஒருத்தி முனீஸ்வரியின் நாத்தனார் ராக்கு. யாரோ ஒருத்தியின் போனில் அரை நிமிஷம் சிக்னல் கிடைத்தது. "போடி மலையில மண்ணு சரிஞ்சிருச்சு, வாங்க" என்றாள். அதோடு கட்டாகிவிட்டது. தேடப் போனவர்கள் போடிமெட்டு மலைரோட்டில் வளைவு வளைவாகத் தேடினார்கள். ஜீப்பு கிடந்ததோ அதற்கு எவ்வளவோ தள்ளி, சாந்தன்பாறைக்குத் தெற்கே. மறுநாள் விடிந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பதினான்கு மணி நேரம் கதவுக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்த ராக்கு இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.

அந்த இரவு முழுக்கப் பஸ்ஸ்டாண்டில் நின்ற முனீஸ்வரி, டவர் செத்தாலும் பேசுகிற ஒரு பெட்டி இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டாள். மறுவாரமே பரீட்சைப் புத்தகம் வாங்கினாள்.

இப்போது ஐப்பசி. தென்மண்டல வி.எச்.எஃப். அலைவரிசை வானொலிப் போட்டி சனிக்கிழமை நடக்கிறது, காலை எட்டு மணி முதல் மாலை நாலு வரை. எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருப்பவரோடு பேசுகிறாயோ அத்தனை புள்ளி. பேசும்போது இருவரும் மூன்று விஷயம் மாற்றிக்கொள்ள வேண்டும்: எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது, இது தனக்கு எத்தனையாவது தொடர்பு, தான் நிற்கும் இடத்தின் குறி எது. பூமியைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆறெழுத்தில் ஒரு குறி வைத்திருக்கிறார்கள். தனியாள் பிரிவில் பட்டனை அழுத்திப் பேசுவது ஒருவராக இருக்க வேண்டும். கம்பம் பிடிக்கவும் நோட்டு எழுதவும் யார் வந்தாலும் தடையில்லை. அந்தப் பிரிவில் முதலாவதாக வருபவருக்குப் பரிசு, ஒரு புதுச் செட்டு.

தேனியில் பழைய லைசென்சுக்காரரான சிவக்குமார் தன் செட்டைத் திங்கட்கிழமை வரைக்கும் இரவல் கொடுத்தார். இடக்குறியை முன்பே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். எம் கே எட்டு சைபர் க்யூ ஏ. அது போடி ஊரின் கட்டம். வானொலியில் எழுத்தை வார்த்தையாக்கித்தான் சொல்ல வேண்டும். "மைக், கிலோ, எட்டு, சைபர், க்யூபெக், ஆல்ஃபா" என்று மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டே இரண்டு மாசம் அவள் மனப்பாடம் பண்ணினாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வினை அங்கேதான் இருந்தது.

போடி ஊர் மூன்று பக்கமும் மலை சூழ்ந்த குழி. அங்கிருந்து கூப்பிட்டால் மலையே மறித்துக்கொள்ளும். அதனால் முனீஸ்வரி, ராக்கு வேலை செய்யும் தோட்டத்துக்கே ஜீப்பில் போய்விட்டாள். தோட்டத்து முதலாளி போடிக்காரர், கேட்டதும் சரியென்றார். கிழக்கே மறைப்பே இல்லாத மேடு. மூங்கிலில் அலுமினியக் குழாய் ஏரியலைக் கட்டி, ஒரு பலா மரத்தோடு சேர்த்து நிறுத்தினாள். கடையிலிருந்து பழைய யூ.பி.எஸ். பேட்டரி. நோட்டு எழுத ராக்கு.

"ஜக்கையண்ணே, இது போடி மலதான?" என்று ஏரியலைக் கட்டும்போது ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"பெறகென்ன திருநெல்வேலி மலையா?" என்றான் அவன்.

அவ்வளவுதான் விசாரணை. போடியில் பிறந்தவர்களுக்கு மேற்கே நிமிர்ந்து நிற்பதெல்லாம் போடி மலைதான்.

காலை அமோகமாகப் போனது. கொடைக்கானல், கோயம்புத்தூர், மதுரை, கொச்சி என்று ஒவ்வொன்றாக விழுந்தது. ஒன்பதே காலுக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்ததில் அதுதான் நெடுந்தூரம். ராக்கு அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். மதியம் ஒரு மணிக்குக் கணக்கு முப்பத்தொன்று. போட்டிக்கு நிற்பவன் ஒரு பாலக்காட்டுக்காரன். அவன் தன் எண்ணைச் சொல்லும்போது காதில் விழுந்தது: இருபத்தொன்பது.

"மதினி, செட்டு நமக்குத்தான்" என்றாள் ராக்கு.

அப்போதுதான் சூப்பர்வைசர் மனோஜ் படம் எடுக்க வந்தான். தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் போனில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்புவது அவன் வழக்கம். ஆள் தோட்டத்தில்தான் இருக்கிறதா, டீக்கடையில் இருக்கிறதா என்று முதலாளி பார்க்க, படத்துக்கு அடியில் இடமும் நேரமும் தானாக விழும்.

"சேச்சி, நீங்களும் நில்லுங்க. ஒரு பொம்பள ரேடியோ பேசுறாங்கன்னு மொதலாளிக்குக் காட்டணும்" என்றான்.

நின்றாள். தன் மூஞ்சி எப்படி விழுந்திருக்கிறது என்று போனை வாங்கிப் பார்த்தாள். மூஞ்சி நன்றாகத்தான் இருந்தது. கீழே இருந்த எண்கள்தான் சரியில்லை. அட்சரேகை ஒன்பது புள்ளி ஒன்பது நாலு.

போடி ஊர் பத்துக்கு மேலே. பரீட்சைக்குப் படித்தவளுக்கு அது தெரியும். பத்தாம் கோட்டுக்கு வடக்கே எம் கே, தெற்கே எம் ஜே. பேனாவை வாங்கி நோட்டின் பின்னட்டையில் கணக்குப் போட்டாள். எம் ஜே எட்டு ஒன்பது ஓ டபிள்யூ. இன்னொரு தடவை போட்டாள். அதேதான் வந்தது. காலையிலிருந்து முப்பத்தொரு பேரிடம், தான் இல்லாத இடத்தைத் தன் இடம் என்று சொல்லியிருக்கிறாள். உண்மையான இடம் பதினாறு கிலோமீட்டர் தள்ளி.

"என்ன மதினி?" என்றாள் ராக்கு.

சொன்னாள்.

"அவுகளும் அப்படித்தான எழுதியிருப்பாக? ரெண்டு நோட்டும் ஒத்துப் போயிரும். ஆரு கண்டா?"

"யாரும் காணமாட்டாக. நாம இருக்கது ஒரு எடம், சொன்னது ஒரு எடம், ராக்கு. அன்னைக்கு மாதிரியே போடி மலைன்னு சொல்லிட்டோம்."

ராக்கு இடது காலை மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நோட்டை மடியில் இழுத்து, முதல் வரியிலிருந்து முப்பத்தொன்றாவது வரி வரை ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு கிழித்து அடித்தாள். இரண்டு கோடு போட்ட ஏற்காட்டையும் சேர்த்துத்தான்.

"கூப்பிடு மதினி. ஒவ்வொருத்தரையா கூப்பிடு" என்றாள்.

மணி ஒன்றே கால். புதிதாக ஆள் பிடிக்க வேண்டிய நேரத்தில் பழைய ஆட்களை மறுபடி பிடிக்கக் கிளம்பினாள் முனீஸ்வரி. முந்தைய தொடர்பை ரத்து செய்யுங்கள், நான் தவறான இடக்குறி கொடுத்துவிட்டேன், சரியானது இது: மைக், ஜூலியட், எட்டு, ஒன்பது, ஆஸ்கார், விஸ்கி. ஒவ்வொருவரிடமும் இதே பாட்டு. கொடைக்கானல்காரர், "எழுதுனது எழுதுனதுதான், விடுங்கம்மா, ஒங்க நேரம்தான் வீணாப் போகுது" என்றார். "நேரம் என்னோடது சார். நீங்க திருத்துங்க" என்றாள். மதுரைக்காரர் சிரித்தார். கொச்சிக்காரர் கோபப்பட்டார். அவள் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. அடுத்தவரைத் தேடிப் போய்விட்டாள்.

சுற்றிக் காய் பறித்த பெண்களுக்கோ விஸ்கி என்று வரும்போதெல்லாம் சிரிப்புத் தாங்கவில்லை. "மதியத்துலயே ஊத்திக்கிட்டாகளா?" என்று சோலையம்மா கேட்டதற்கு ராக்கு விஷயத்தைச் சொன்னாள். கட்டம் என்றால் என்ன, காலையில் சொன்னது எந்த இடம், இப்போது சொல்வது எந்த இடம் என்று சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பத்துப் பேரும் அன்றைக்கு ராக்குவோடு அந்த ஜீப்பில் இருந்தவர்கள்தாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை அவள் இடக்குறி சொல்லும்போதும் செடிகளுக்கு நடுவே சிலருடைய உதடுகள் கூடவே அசைந்தன.

மூன்றரை மணிக்கு இருபத்தேழு பேர் திரும்பக் கிடைத்திருந்தார்கள். மூன்று பேர் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அது போனது போனதுதான். பாக்கி ஏற்காடு. பாலக்காட்டுக்காரன் நாற்பத்திநாலில் நின்றான். அவன் பிடித்ததெல்லாம் பக்கத்து ஊர்கள், இவள் பிடித்தது தூரத்து ஊர்கள். முனீஸ்வரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏற்காடு கிடைத்தால் செட்டு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை சிவக்குமாரின் பெட்டியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மலையில் பனிமூட்டமாக மஞ்சு ஏறிவிட்டது. பலா மரத்து இலையெல்லாம் நனைந்து, ஏரியலுக்கு முன்னால் ஈரப் போர்வை மாதிரி தொங்கியது. கூப்பிட்டாள். இரைச்சல். மறுபடி கூப்பிட்டாள். இரைச்சலுக்குள் ஏதோ நெளிந்தது, எழுத்தாக ஒன்றும் தேறவில்லை.

"ஆறடி ஒசந்தா மரத்துக்கு மேல போயிரும்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

ஜக்கையன் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றிருந்தான். இருட்டுவதற்குள் வளைவுகளைக் கடக்க வேண்டும் என்று தினமும் நாலு மணிக்கு ஹாரனில் உட்கார்ந்துவிடுகிறவன். இன்றைக்கு ஹாரனைத் தொடாமல் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, மூங்கில் நட்டிருந்த இடத்தை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினான்.

"நம்ம வண்டி மேல ஏத்துனா ஆறடி வரும்ல?"

கட்டை அவிழ்த்தார்கள். ஜீப்பின் மேல்தளத்தில் ஜக்கையனும் நாலு பெண்களும் ஏறி மூங்கிலை நிமிர்த்திப் பிடித்தார்கள். மற்றவர்கள் கீழே நின்று கயிறுகளை இழுத்துப் பிடித்தார்கள். ராக்கு காலை ஊன்ற முடியாமல் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு டயரில் சாய்ந்து நின்றாள். நோட்டு அவள் வாயில் இருந்தது.

"கெழக்க திருப்புங்கண்ணே. இன்னுங் கொஞ்சம் வடக்க. ஆட்டாதீங்க."

மூன்று ஐம்பத்தாறு. கூப்பிட்டாள்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குக் காக்க வைப்பதில் இஷ்டமில்லை. மூன்று வாரம் கழித்து வந்த பட்டியலில் முனீஸ்வரிதான் முதல். அறுபத்தொரு புள்ளி வித்தியாசம். ஏற்காடு ஒன்றே தந்தது இருநூற்று முப்பது. செட்டு பார்சலில் வந்தது. எதிர்க்கடைக்காரன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தான். ஆனால் அந்தப் பெண்கள் இன்றைக்கும் பேசுவது அந்தப் பட்டியலைப் பற்றி இல்லை, அந்த நாலு நிமிஷத்தைப் பற்றித்தான்.

இரைச்சல் விலகி அந்தக் கிணற்றுக் குரல் வந்தது. வயசான குரல். காலையில் பேசியாயிற்றே என்றது. முனீஸ்வரி தப்பைச் சொன்னாள்.

"சரிம்மா, காலையில எழுதுனத அடிச்சுட்டேன். புதுசா எழுதிக்கிறேன். எங்க இருக்கீங்க, சொல்லுங்க."

அவள் பட்டனை அழுத்தி வாயைத் திறந்தாள். அவளுடைய குரல் மட்டும் போகவில்லை. ஜீப்பு மேலிருந்தும் கயிறு பிடித்த கைகளுக்குப் பின்னாலிருந்தும், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

"மைக், ஜூலியட், எட்டு, ஒன்பது, ஆஸ்கார், விஸ்கி."

ராக்கு மட்டும் வாயில் நோட்டோடு முனகினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

அந்தப் பக்கம் திகைத்துப் போயிருக்க வேண்டும். பிறகு குரல் வந்தது. குறியை எழுத்தெழுத்தாகச் சரியாகத் திருப்பிச் சொன்னது. அதன் பிறகு சந்தேகத்தோடு கேட்டது, "தனியாள் பிரிவுன்னுல்ல சொன்னீங்க? அங்க எத்தன பேரும்மா இருக்கீங்க?"

முனீஸ்வரி ஜீப்பை அண்ணாந்து பார்த்தாள். மூங்கில் கொஞ்சமும் ஆடவில்லை.

"பட்டன அழுத்திப் பேசுறது நான் ஒருத்திதான் சார்" என்றாள். "எடம் தெரிஞ்சவுக பதிமூணு பேரு."