தறிப்பேச்சு

அந்த நூலகத்தின் வாசிப்பறையில் ஈ பறந்தாலும் அனுமதி கேட்டுத்தான் பறக்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள். காரணம் நூலகர். ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாளுக்கு வாசகர்கள் வைத்த பெயர் உஷ்ஷம்மா. யாராவது தொண்டையைக் கனைத்தால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, அவ்வளவுதான், வந்த இருமல் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

வாசலில் இருக்கும் விதிப்பலகையை எழுதியதும் அவர்தான். பையை வெளித்தட்டில் வைக்க வேண்டும், கைப்பேசியின் வாயை அடைக்க வேண்டும், நாற்காலியை இழுத்துப் போடக் கூடாது, பக்கத்தின் காதைத் திருகி மடக்கக் கூடாது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தம் கூடவே கூடாது. இத்தனை வருடங்களில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. இருக்கிற அமைதியை நாமே கெடுப்பதா என்று உதட்டில் விரலை வைத்தே காரியத்தை முடித்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட இடத்துக்குத்தான் நெசவு ஆலையிலிருந்து இரண்டு பேர் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தன் தறிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். இன்னொருத்தி தறி ஓட்டுகிறவள். காலை வேலை முடிந்ததும் தனித்தனியாக வருவார்கள். அவன் ஜன்னலோர மேசை, அவள் எதிர்ச்சுவர் மேசை. நடுவில் நாலு மேசை தூரம். அவன் மோட்டார் பத்திரிகையை விரிப்பான். அவள் தையல் கலைப் புத்தகம் ஒன்றைப் பார்த்துத் தன் காகிதத்தில் பென்சிலால் குறிப்பெடுப்பாள். பார்க்கிறவர்களுக்குத் தங்கமான வாசகர்கள்.

ஆனால் அந்த இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நூறு தறி ஓடும் கொட்டகையில் பக்கத்தில் நிற்கிறவர் அலறினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டை மட்டும் அசைத்துப் பேசப் பழகியிருப்பார்கள், போதாததற்குக் கையால் சில சைகைகள். சண்டை, சமாதானம், வம்பு எல்லாம் அதிலேயே நடக்கும். என்ன, கொட்டகையில் ரகசியம் பேச முடியாது. ஐம்பது ஜோடிக் கண்கள் படித்துவிடும். நூலகத்தில் ஒரு பயலுக்கும் புரியாது என்று இருவரும் நிம்மதியாக இருந்தார்கள்.

பாவம், உஷ்ஷம்மாவின் அம்மா அதே மாதிரிக் கொட்டகையில் தறி ஓட்டியவர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்த பிறகும் அடுப்படியிலிருந்து உதட்டாலேயே மகளை அதட்டிய அம்மா. உஷ்ஷம்மாவுக்கு அது இன்னொரு தாய்மொழி. அம்மா போன பிறகு அந்த மொழியில் பேச ஆள் இல்லை. அதனால் முதல் நாள் அந்த உதடுகளைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கூச்சம். ஒட்டுக்கேட்பது தப்பென்றால் ஒட்டுப்பார்ப்பது மட்டும் சரியா? தலையைக் குனிந்து புத்தக அட்டைகளை அடுக்குவார். கண் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. போகப் போக, அந்த இரண்டு பேரும் வராத நாளில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. சொல்லத்தான் ஒருவருக்கும் துப்பில்லை.

அன்றைக்கு அவள் முகம் வாடியிருந்தது. உட்கார்ந்ததும் உதடு அசைந்தது.

"எங்க அக்கா அவ ஊருக்குக் கூப்பிடுறா. அங்கயே வேலை பேசி வச்சிட்டாளாம். இன்னிக்கு ராத்திரி போன் பண்ணிப் பதில் சொல்லணும்."

"என்ன சொல்லப்போற?" என்றான் ஃபிட்டர், அதே மாதிரி சத்தமில்லாமல்.

"போகாதேன்னு சொல்ல யாராவது இருந்தா, வரலைன்னு சொல்லலாம்."

இதற்கு மேல் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? உஷ்ஷம்மா அடுக்கிய அட்டையையே திரும்பத் திரும்ப அடுக்கினார். சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினார். ஃபிட்டரோ பத்திரிகையில் ஏதோ என்ஜின் படத்தை முறைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தைத் திருப்பினான். திரும்பவும் பழைய பக்கத்துக்கே வந்தான். கடைசியில் பத்திரிகையைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டைப் பிரித்தான்.

"போகாத. என்னைக் கட்டிக்கிறியா?"

சரியாக அந்த நேரம் பார்த்து அவளுடைய பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அவள் மேசைக்கடியில் குனிந்திருந்தாள்.

அவன் கண்ணைத் திறந்தபோது அவள் நிமிர்ந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, தலை தூக்காமல் குறிப்பைத் தொடர்ந்தாள். அவன் காத்திருந்தான். அவள் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் முகம் சுண்டிப்போயிற்று. பத்திரிகையை எடுத்த இடத்தில் ஒழுங்காக வைத்தான். யாருக்கும் தொந்தரவில்லாமல் நாற்காலியைத் தூக்கி உள்ளே தள்ளினான். வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

உஷ்ஷம்மா பதறிவிட்டார். அவளைப் பார்த்து உதட்டை அசைத்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அவனைப் பார்த்து அசைத்தார். தறிப்பேச்சுக்கு ஒரே ஒரு குறை உண்டு, முதுகோடு பேச முடியாது. அவன் கை கதவுக்குப் போய்விட்டது.

"தம்பி! நில்லுப்பா! அவ பாக்கவே இல்ல! பென்சில் எடுக்கக் குனிஞ்சிருந்தா!"

அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. தினமும் ஒரு வரி விடாமல் செய்தித்தாள் படிக்கும் பெரியவர் தாளைக் கை நழுவ விட்டார். தூங்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவன் எழுந்து நின்றே விட்டான். இப்படி ஒரு தொண்டை இந்த அம்மாளுக்கு உள்ளே இருந்ததா?

ஃபிட்டர் மெல்லத் திரும்பினான். "உங்களுக்கு... இதெல்லாம் புரியுமா?"

"எங்கம்மா தறியில நின்னவங்கப்பா."

அவன் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான். "அப்போ நாங்க உங்களைப் பத்திப் பேசினது?"

"அடிக்கோலை முழுங்கின மாதிரி விறைப்பான அம்மான்னு சொன்னதா? அந்தக் கணக்கை அப்புறம் தீர்த்துக்கலாம். அவகிட்ட கேட்டதை இன்னொரு தடவை கேளு."

"என்ன கேட்டாரு?" என்றாள் அவள், வாய்விட்டே.

அவன் வாயைத் திறந்தான், மூடினான். காது மடல் சிவந்துவிட்டது. "எனக்கு வரலைம்மா. ஒரு தடவைக்கே உயிர் போயிடுச்சு. நீங்களே சொல்லிடுங்க."

இதென்ன வம்பு என்று நினைத்தாலும் உஷ்ஷம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். எத்தனையோ வருடம் கழித்து அம்மாவின் மொழியில், அம்மாவைப் போலவே உதட்டை அகலமாக விரித்து, ஒரு சொல் விடாமல் சொன்னார். அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற மாதிரி விரல்களைச் சுழற்றினார். கல்யாணத்துக்குக் கொட்டகையில் அதுதான் சைகை. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உஷ்ஷம்மாவைப் பார்த்து உதட்டை இரண்டே முறை அசைத்தாள்.

ஃபிட்டரோ பயத்தில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"என்னம்மா சொன்னா? நான் பாக்கலையே!"

"எங்களுக்கும் புரியலைம்மா, சத்தமா சொல்லுங்க!" என்றார் செய்தித்தாள் பெரியவர்.

உஷ்ஷம்மா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"சரின்னுட்டாடா!"

தெருவில் போனவர்கள் என்னவோ ஏதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பெரியவர்தான் முதலில் கைதட்டினார். அப்புறம் மாணவன், அப்புறம் மேசைக்கு மேசை எல்லோரும். உஷ்ஷம்மா யாரையும் அடக்கவில்லை, அவரும் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.