ஒரு வீச்சுக்கு முப்பது மீன்

புதுச் சட்டம் வந்துவிட்டது. பண்ணைக் குளத்தில் அளவுக்கு மேல் மீன் இருந்தால் உரிமம் கிடையாது. அதை எண்ணிப் பார்க்க ஓர் அதிகாரி வருவார்; அவரோடு வரும் வலைக்காரர் ஒரு வீச்சு வீசுவார். முப்பதுக்கு மேல் விழுந்தால் பண்ணையை மூட வேண்டியதுதான். தையல் கடையை விற்றுவிட்டு இந்தக் குளத்தை வெட்டியவள் என் மனைவி. நான் காலையும் மாலையும் தீனி போடுகிறவன், அவ்வளவுதான்.

அதிகாரி வந்த அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். மரியாதை தெரிந்த மனிதனாக, நிழல் விழுகிற கரைக்கு அவரை அழைத்துப் போய் நாற்காலி போட்டு, நானும் பக்கத்தில் நின்றுகொண்டேன். வலை விழுந்தது. இழுக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது.

"நூத்திப் பன்னண்டு," என்றார் வலைக்காரர்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார், எழுதாதீங்க!" மனைவி ஓடி வந்தாள். "இவர் தீனி போடற இடம் சார் இது. இவர் காலடிச் சத்தம் கேட்டாலே மொத்தக் குளமும் இங்க வந்து நிக்கும். ஏங்க, நாற்காலி போட உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா? எதிர்க்கரைக்குப் போங்க!"

போனேன். மீன்களும் போயின. இரண்டாவது வீச்சில் எப்போதோ தொலைத்த என் செருப்பு ஒன்று மட்டும் வந்தது.

"மீனே இல்லாத குளத்துக்கு எதுக்கும்மா உரிமம்?" என்றார் அதிகாரி. கிண்டலா கடுப்பா என்று முகத்தில் தெரியவில்லை.

"இவர் மீன் கண்ணுல பட்டா சரிப்படாது சார். அரை மணி நேரம் குடுங்க, எல்லாம் குளம் பூராப் பரவிடும்." என் பக்கம் திரும்பினாள். "மோட்டார் ரூம்ல போய் உட்காருங்க. கூப்பிடற வரைக்கும் இருமக்கூடக் கூடாது."

உள்ளே ஒரே எண்ணெய் நாற்றம். கொசு கடித்தது, அடித்தால் சத்தம் வருமே என்று விட்டுவிட்டேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவளுடைய மூன்று வருட உழைப்பை ஒரு நாற்காலியைப் போட்டுக் கெடுத்துவிட்டேனே! வெளியே வலை தண்ணீரில் விழுந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"வெளிய வாங்க," என்றாள். "இருபத்தேழு."

அதிகாரி படிவத்தை நீட்டினார். "பண்ணைப் பொறுப்பாளர் கையெழுத்து போடணும்."

அவள் அதை வாங்கி, காலியாக இருந்த கோட்டில் என் பெயரை எழுதி என்னிடம் கொடுத்தாள்.

"குளம் உன்னுதுடி. என் பேரை எதுக்கு எழுதற?"

"குளம் என்னுதுதான். அதுல இருக்கிற ஒண்ணாவது என்னைப் பார்த்து வந்துச்சா? உங்க பின்னாடிதானே ஓடுதுங்க. போடுங்க."

போட்டேன். கண் கலங்கியதில் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. அதிகாரி பார்த்தார், அப்படியே வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அதற்கு இன்னும் சட்டம் வரவில்லை போலிருக்கிறது.