பத்துக்குப் பன்னிரண்டு அறையும் இருநூற்றுப் பதினான்கு பக்கமும்

பூட்டுக்காரர் கேட்டது ஒரே ஓர் அறை. மொட்டை மாடியில், பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு சன்னல். கீழே கடை, மேலே வீடு. கடையில் சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சிடும்போதெல்லாம் மேலே தொட்டிலில் கிடக்கும் பேத்தியும் சுருதி பிசகாமல் கூடவே அழுவாள். மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. அடுத்த மாத முடிவுக்குள் குழந்தை தூங்க அமைதியாக ஓர் அறை கிடைத்தால் மகளும் பேத்தியும் இங்கேயே இருப்பார்கள். இல்லையென்றால் மூன்று பேரும் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடுவார்கள். பூட்டுக்காரருக்கு விஷயம் அவ்வளவுதான்.

மாநகராட்சிக்கு அவ்வளவு மட்டும் இல்லை. அந்தத் தெரு ஆற்றை ஒட்டியது. அங்கே ஒரு செங்கல் கூடினாலும் சுற்றுச்சூழல் அறிக்கை வேண்டும். அறிக்கையை முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதிப் போடலாம். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பதாரர் பத்து நாளுக்குள் கைப்படப் பதில் எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அனுமதி கிடையாது.

அறிக்கை எழுத ஓர் ஆலோசகர் கிடைத்தார். இரண்டே நாளில் இருநூற்றுப் பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். இதற்கு முன் ஒரு பாலத்துக்கு எழுதியிருந்தாராம். அதில் ‘பாலம்’ வந்த இடத்திலெல்லாம் ‘அறை’ என்று மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருந்தார். அறுபத்தோராம் பக்கத்தில், இவ்வறையின் அடியில் படகுகள் தடையின்றிச் செல்லலாம் என்றிருந்தது. எண்பத்தெட்டாம் பக்கத்தில், இங்குள்ள மீன்களுக்குப் பாதிப்பில்லை என்றிருந்தது.

இதையெல்லாம் எவரும் படிப்பதில்லை என்று ஆலோசகர் சத்தியம் செய்தார். படித்தவர் ஒருவர் இருந்தார். பக்கத்து வீட்டுக் குடைக்காரர், பூட்டுக்காரருடைய மனைவியின் அண்ணன். மழைத் தண்ணீர்க் குழாயின் வாய் எந்த வீட்டுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்ற தகராறில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திப் பதினொரு வருஷம். வெயில் காலம், குடை ரிப்பேருக்கு ஆள் வரவில்லை. முழு அறிக்கையையும் இரண்டு தடவை படித்துவிட்டு ஒரு கருத்து எழுதினார்: ‘பக்கம் 88. எந்த மீன்கள்?’

“என்னங்க, பதினொரு வருஷம் கழிச்சு அண்ணன் உங்ககிட்ட பேசியிருக்காரு” என்றாள் மனைவி.

“இதுக்குப் பேரு பேச்சா? வம்பு! படகைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டாரா பாரு. மீன்தான் கண்ணை உறுத்துது உங்கண்ணனுக்கு.”

‘மீன்களே இல்லை’ என்று பதில் எழுதினார் பூட்டுக்காரர். அறிக்கை உண்டு என்கிறது, பதில் இல்லை என்கிறது. ஆகவே பரிசீலனை அதிகாரியம்மா நேரில் வந்தார். மூன்று நாள் மாடியில் உட்கார்ந்து நிழலை அளந்தார், காக்கைகளை எண்ணினார். மூன்றாம் நாள் காக்கைகளே சரியாக ஒன்பது மணிக்கு வந்து, கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, எண்ணி முடித்த பிறகுதான் பறந்தன. கடைசியாகத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நான்கு மீன்கள் அவரைத் திரும்பிப் பார்த்தன.

கொசுப்புழு தின்பதற்காகச் சுகாதாரப் பிரிவு இரண்டு வருஷத்துக்கு முன் விட்டுவிட்டு மறந்துபோன மீன்கள். ஆலோசகருக்கு அன்று முதல் தீர்க்கதரிசி என்று பெயர் வந்து, தொழில் கொடிகட்டிப் பறந்தது.

“அறை வந்தா தொட்டியை நகர்த்தணும். நகர்த்தினா மீனுக்குப் பாதிப்பு. மாற்று வழி ஏதாவது இருக்கான்னு ஆராயணும்” என்றார் அதிகாரியம்மா.

“மேடம், நான் என் பொண்ணுக்கு ரூம் கேட்டேன்.”

“அதுவும் ஃபைல்ல இருக்கு சார்.”

மாற்று வழி பற்றி வந்தது ஒரே ஒரு கருத்து. கையெழுத்தைப் பார்த்ததும் பூட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதியவள் மகள். ‘மாமா வீட்டு மாடியறை காலியாக இருக்கிறது. இயந்திரச் சத்தம் அங்கே எட்டாது. சிமெண்ட் வேண்டாம், மீன்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். விண்ணப்பதாரர் இதை ஏன் ஆராயவில்லை?’ கீழே குடைக்காரரின் கையெழுத்து, ‘சம்மதம்’ என்று.

“ஏம்மா, ஒரே வீட்டுல இருந்துகிட்டு எனக்கே மனுவா?”

“வாயால சொன்னா எந்திருச்சுப் போயிடுறீங்களேப்பா. இதுக்கு நீங்க பதில் எழுதியே ஆகணும்.”

மாற்று வழி வேண்டாம் என்றால் காரணம் சொல்ல ஒரு படிவம் உண்டு. தொழில்நுட்பம், போக்குவரத்து, இரைச்சல், வடிகால் என்று நான்கு கட்டங்கள். பூட்டுக்காரர் பேனாவை அழுத்தி வடிகாலில் குறியிட்டார். ஆய்வாளர் ஒருவர் ஏணியோடு வந்தார். தகராறுக்குரிய குழாய் ஏழு வருஷத்துக்கு முன்பே உடைந்து விழுந்திருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு துருப்பிடித்த கொக்கி மட்டும் மிச்சம். இரண்டு வீட்டுத் தண்ணீரும் யார் வீட்டுக்கும் போகாமல் நேரே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வீட்டிலும் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் பக்கத்து வீட்டைப் பார்த்ததாக ஆகிவிடும் என்ற ரோஷம்.

மாத முடிவுக்கு ஆறு நாள் இருந்தது. பூட்டுக்காரர் படிவத்தோடு அலுவலகத்துக்குப் போனார்.

“வேற கட்டம் இல்லீங்களா?”

“என்ன காரணம்னு சொல்லுங்க, எதுல வரும்னு பார்க்கலாம்.”

அவர் சொன்னார். குழாயில் ஆரம்பித்து, ஒரு கல்யாணத்தில் தன்னைப் பார்க்காத மாதிரி மச்சான் திரும்பிக்கொண்டது வரை ஒன்றும் விடாமல் சொன்னார். அதிகாரியம்மா விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“கோபத்துக்குக் கட்டம் இல்லைங்க சார். வேணும்னா திருத்தம் கேட்டு மேலிடத்துக்கு எழுதலாம். ரெண்டு வருஷம் ஆகும்.”

ரெண்டு வருஷத்தில் பேத்தி வேறு ஊரில் ஓடி விளையாடிக்கொண்டிருப்பாள். பூட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார், அடித்தார், எழுதினார். அலுவலகம் மூடும்போது தாளில் மிஞ்சியிருந்தது இரண்டு வார்த்தை: ‘காரணம் இல்லை.’

குறைந்த பாதிப்புள்ள வழி இருப்பதால் அனுமதி மறுக்கப்படுகிறது என்று மறுநாளே உத்தரவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் படி ஏறினார். மேலே கதவைப் பிடித்துக்கொண்டு குடைக்காரர் நின்றிருந்தார்.

“பாத்து, பெயிண்ட் உரசுது.”

“எழுதிக் குடுங்க மச்சான், பத்து நாளுக்குள்ள பதில் சொல்றேன்.”

குடைக்காரர் சிரிக்கவில்லை, தொட்டிலின் மறு முனையைப் பிடித்தார். சாயங்காலம் மாப்பிள்ளை ஒற்றைப் பெட்டியோடு ரயில் ஏறினார்.