எந்தப் பக்கத்துக் கூடை

பேக்கரிக்காரர் கல்லூரி விளையாட்டரங்கின் பெஞ்சில் உட்கார்ந்ததும் முதல் காரியமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. நல்லது, தூக்கம் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முந்தின ராத்திரி மாவு பிசைய நின்றவர் இன்னும் வீட்டுக்கே போகவில்லை. அடுப்பு மக்கர் பண்ணி, மெக்கானிக் வந்து அதைச் சரிபண்ணுவதற்குள் மதியமும் போய்விட்டது. முழங்கை மடிப்பில் மாவு காய்ந்து தோலை இழுத்தது.

மகளுக்கு இது கல்லூரியில் கடைசி வருடம், கடைசி ஆட்டம். உள்ளூரில் அவள் ஆடிய எல்லா ஆட்டங்களுக்கும் அவர் வந்திருக்கிறார். ஒன்றைக்கூடப் பாதிக்கு மேல் பார்த்ததில்லை. போன தடவை குறட்டையே விட்டுவிட்டார். அதை யாரோ போனில் படம்பிடித்துக் கல்லூரி முழுக்கச் சுற்றவிட, மகள் வீட்டுக்கு வந்து தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "கடைசி மேட்ச்சுக்கு வரவேணாம்பா. ஓடும்போதெல்லாம் நான் உங்களப் பாக்குறேன். நீங்க என்னப் பாக்குறதில்ல. அதுக்கு அந்த எடம் காலியாவே இருக்கட்டும்." அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. இந்தத் தடவை கண்ணை மூட மாட்டேன் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

துணைக்கு மைத்துனன் வந்திருந்தான். அவனுக்கு ஒரே வேலை, இவர் கண் சொருகினால் கிள்ளுவது.

"தழும்பு கிழும்பு ஆச்சுன்னா அக்கா என்னக் கொன்னுடும் மாமா."

"நான் பாத்துக்கிறேன். சதையோட புடுங்கு."

ஆட்டம் தொடங்கியது. விதிமுறை எதுவும் அவர் மண்டையில் ஏறாது. விசிலை எதற்கு ஊதுகிறார்கள் என்பதே அவருக்குப் பெரிய மர்மம். வலப்பக்கக் கூடையில் பந்து விழுந்தால் கைதட்ட வேண்டும், இடப்பக்கம் விழுந்தால் உச்சுக்கொட்ட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கூடைப்பந்து. மகள் ஓடிவந்து வலப்பக்கம் ஒன்று போட்டாள். தட்டினார். அவள் திரும்பி ஓடும்போது ஒரு கணம் மேலே பார்த்தாள். முழித்துத்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும் அவள் முகம் லேசாக இளகியது. அதற்குப் பிறகு பந்து தரையில் தட்டும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ முதுகில் தட்டிக்கொடுப்பது போல இருந்தது.

அரங்கமே எழுந்து நின்று கத்திய சத்தத்தில்தான் அவருக்கு விழிப்பு வந்தது. ஒரு பந்து வலப்பக்கம் உயரப் பறந்துகொண்டிருந்தது. கூடைக்குள் இறங்கியது. பதறி எழுந்து, "அப்படிப் போடு கண்ணு" என்று குரல் கொடுத்து, கை வலிக்கத் தட்டினார். நாலைந்து தட்டுக்குப் பிறகுதான், தான் உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்கத் தன் கைச்சத்தம் மட்டுமே கேட்கிறது என்று உறைத்தது.

மைத்துனன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "உக்காருங்க மாமா. அது அவங்க போட்டது. பாதியில ரெண்டு டீமும் பக்கம் மாறிடுவாங்க."

எத்தனையோ ஆட்டங்களுக்கு வந்தும் அவர் அதை அறிந்திருக்கவில்லை.

"நீ ஏண்டா எழுப்பல?"

"கிள்ளத்தான் கையக் கொண்டுவந்தேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் மனசு வரல."

அவனைத் திட்டக்கூடத் தெம்பில்லை. கீழே பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி, பெண்களைக் கூப்பிட்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். மகள் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். யார் கைதட்டியது என்று அவள் தேடவில்லை, நேராக இங்கேதான் பார்த்தாள். இனித் தூங்கவில்லை என்று சாதிக்கவும் வழியில்லை. அவர் தட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். ஓடி ஒளிய இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

விசில் ஊதியது. மற்றவர்கள் உள்ளே ஓட, அவள் மட்டும் கோட்டருகே நின்றாள். முகம் வேர்வையில் ஊறிக் கிடந்தது, சிரிப்பும் இல்லை கோபமும் இல்லை. கையை உயர்த்தி, இடப்பக்கக் கூடையைக் காட்டினாள். நடுவர் அவளை உள்ளே வரச்சொல்லிச் சைகை செய்தார். பேக்கரிக்காரர் உடம்போடு அந்தப் பக்கம் திரும்பி நிற்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.