கிண்டிக்குப் போய் வந்த மருமகள்

புது வேட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, மாமனாரின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் தங்கம். அப்போதுதான் மாமியார் புஷ்பம் கேட்டாள்.

“ஏளா, இன்னைக்குத்தான உனக்குப் பரிச்ச?”

தங்கம் நிமிராமல் முடிச்சை இறுக்கினாள். “ஆமா அத்த. பரவால்ல. அடுத்த வருசம் எழுதிக்கிடலாம்.”

மாணிக்கவாசகம் விடியற்காலையில் காபியைக் குடித்து, நன்றாக இருந்தது என்று சொல்லி, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியிலேயே போய்விட்டார். எண்பதை நெருங்கிய வயது. ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்து, இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணிப் பார்த்தவர். மாம்பலத்து அந்த வீட்டில் அழுகையைவிட அவரைப் பற்றிய பேச்சுதான் அதிகம் கேட்டது. நடுநடுவே சிரிப்பும்.

தங்கத்தைக் கிண்டியில் அரசாங்கத் தொழிற்பயிற்சியில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். கட்டிடப் படம் வரையச் சொல்லித்தருகிறார்கள், பெண்களும் சேரலாம், கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு என்று எழுபத்திரண்டாம் வருடம் பேப்பரில் படித்தார். அன்று கடையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“சரக்கையும் குடுத்து, வாங்க வந்தவனுக்குக் காசையும் குடுக்கான் சர்க்காரு. இப்படி ஒரு ஏவாரத்த விடலாமாளா?”

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத மருமகளை அவரே மின்சார ரயிலில் அழைத்துப்போனார். படிப்பு முடிந்து, இன்று கடைசித் தேர்வு.

“கெளம்பு,” என்றாள் புஷ்பம்.

மாமனாரின் தம்பி விறைத்தார். “என்ன மதினி பேசுதிய? அண்ணனப் போட்டுட்டு மருமக பரிச்சைக்குப் போனான்னா நாலு பேரு என்ன பேசுவாக?”

“மதுரையிலருந்து பெரியவன் வரச் சாயங்காலம் ஆவும். அதுவரைக்கும் இவுக எங்கயும் போயிடப் போறதில்ல.” புஷ்பம் கணவரின் நெற்றியில் விபூதியைச் சரிசெய்தாள். “அவ போவலன்னா இவுக எந்திரிச்சு வந்து என்னயத்தான் ஏசுவாக.”

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். தம்பி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

தங்கம் கணவனைத் தேடினாள். கனகராஜ் அவளுடைய வரைபலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தான். இருவரும் ஸ்டேஷனுக்கு வேகமாக நடந்தார்கள். ரயில் வந்ததும் பலகையைக் கொடுத்து, “பதறாம போடு,” என்றான். மாலைக்குச் சொல்ல அவன் பூக்கடைக்குப் போகவேண்டியிருந்தது.

இரண்டு அறையும் சமையலறையும் உள்ள ஒரு வீட்டை வரையச் சொல்லியிருந்தார்கள். தங்கம் முதல் கோட்டை இரண்டு முறை அழித்துப் போட்டாள். சுவர்களைப் போட்டுவிட்டு வாசலைக் குறித்தபோது மாமனார் வந்துவிட்டார். வீட்டில் அவள் படம் முடித்ததும், அவர் இரண்டு விரல்களைக் கால்களாக்கிக் காகிதத்தின் மேல் நடந்து வருவார். “நான் மாணிக்கவாசகம் வந்திருக்கேன். செருப்ப எங்க விடணும்? சரி, உள்ள வந்தாச்சு. கொல்லைக்கு எப்படிப் போவ? செவரேறிக் குதிக்கவா?” அப்படி அவர் கேட்ட அன்றைக்குக் கொல்லைக் கதவை அவள் மறந்திருந்தாள்.

இப்போது அந்தக் கதவைத்தான் அடுத்ததாகப் போட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் திரும்பிப் பார்க்கவும் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு எந்தக் கோட்டையும் அழிக்கவில்லை. மை தீட்டும்போது பேனா கசிந்து விரலெல்லாம் கறுத்தது. படத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே மேளம் கேட்டது. அவள் பரீட்சைக்குப் போன சேதி அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. பாடை கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து கூட்டத்தை விலக்கினார்.

“வயி வுடுங்கப்பா. பரிச்ச எய்திட்டு மருமவப் பொண்ணு வந்துக்கினு கீது.”

மேளக்காரர்கள் அவளைப் பார்த்துக்கொண்டே அடியைக் கூட்டினார்கள். தங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

“எப்படிளா?” என்றாள் புஷ்பம்.

“நல்லாப் போட்டிருக்கேன் அத்த.”

“கொல்லைக் கதவு?”

“வச்சிட்டேன்.”

புஷ்பம் தலையை ஆட்டினாள். காலையிலிருந்து ஒருமுறைகூட அழாதவள், முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பெரியவன் மதுரையிலிருந்து வந்து சேர்ந்ததும் வாய்க்கரிசி போட அழைத்தார்கள். தங்கம் குளித்து ஈரச் சேலையோடு வந்து நின்றாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் விரல்களில் மை போகவில்லை. மாமனாரின் தம்பி அந்தக் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு அரிசிக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார்.

கறுத்த விரல்களுக்குள் பச்சரிசி பளிச்சென்று இருந்தது. தங்கம் குனிந்தாள்.