ஒன்பதாம் நம்பருக்குக் கிதார் சொன்ன பதில்

கிதார்காரர் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அவரும் மனைவியும் இருந்தார்கள். மற்றதில் பெரியப்பா இருந்தார்.

பெரியப்பா என்பது ஓர் ஆம்ப்ளிஃபயர். கிதாரின் முனகலை வாங்கி ஊருக்கே கேட்கும்படி கத்தித் தருகிற பெட்டி. உள்ளே கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் பேசிவிடாது. கனைக்கும், இருமும், சூடேறி ஒரு நெடி விடும், அப்புறம்தான் வாய் திறக்கும். தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். இறக்கி வைத்த பிறகு நாலு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திட்டுவார்கள். இத்தனை லட்சணமும் பொருந்திய ஒருவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கிதாருக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. வார்னிஷ் உரிந்து போய், முன்கை உரசும் இடத்தில் மரம் வெளுத்திருந்தது. சுருதி கூட்டும் முறுக்காணி ஒன்று உடைந்ததால் அந்தக் கம்பியை மட்டும் குறட்டால் திருக வேண்டும். கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதற்கு மற்றவர்கள் கடையில் கண்ணாடிக் குழல் வாங்குவார்கள். இவர் சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு குழாய்த் துண்டை அறுத்தெடுத்து விரலில் மாட்டிக்கொண்டார். அந்தத் தொட்டி இன்றுவரை ஒரு வாளியை நம்பித்தான் பிழைக்கிறது.

அவர் வாசித்தது ப்ளூஸ் ராக். துக்கத்தைச் சத்தமாகச் சொல்லும் சங்கீதம். அதில் ஒரு முறை உண்டு: பாடுகிறவர் ஒரு வரி கேட்பார், கிதார் ஒரு வரி பதில் சொல்லும். மறுபடி கேள்வி, மறுபடி பதில். கிதார்காரருக்குப் பதில் தேன் மாதிரி வந்தது. கேள்விதான் வரவில்லை. அவர் பாட ஆரம்பித்தால் கூட்டத்தில் பாதிப் பேர் காற்று வாங்கப் போவார்கள்; மீதிப் பேர் அவர்களைத் தேடப் போவார்கள்.

அதனால் தொழில் நொண்டியடித்தது. மெத்தைக் கடைத் திறப்பு விழாவில் வாசித்தார். வந்தவர்கள் சும்மா படுத்துப் பார்த்தார்கள், அப்படியே தூங்கிவிட்டார்கள். பயணிகள் கப்பலில் வாசித்தார். கேப்டன் அடுத்த துறைமுகத்தை ஒரு நாள் முன்னதாகவே கொண்டுவந்துவிட்டார். டிரம்ஸ் அடித்தவன் மனைவியின் தம்பி. பகலில் லாரிகளுக்கு டிங்கர் வேலை; எதை அடித்தாலும் நெளிவு எடுத்துவிடுவான், தாளத்தைத் தவிர. பேஸ் கிதார் ஒரு பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்த அலுப்பில் தன் வாயைத் திறக்கவே மாட்டார்.

குடும்பத்தை நடத்தியது மனைவி. டாக்ஸி ஆபீஸில் அவருக்குச் சாயங்கால ஷிஃப்ட். மைக்கின் முன்னால் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று ரேடியோவில் சொல்லும் வேலை. டிரைவர்கள் அவர் குரலுக்கு பிரேக் போடுவார்கள் என்பது சும்மா பேச்சில்லை. நின்றுகொண்டிருந்த வண்டிகளில்கூட போட்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், ஒரு சின்ன கிளப்பில், எட்டுப் பேர் முன்னால் கிதார்காரர் மெதுவான பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். பாட வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து எதுவும் வருவதற்குள் பெரியப்பாவின் வாயிலிருந்து வந்தது:

“ஒன்பதாம் நம்பர்! ஒன்பதாம் நம்பர்! எங்க போய்த் தொலைஞ்சீங்க? உங்களுக்காக ஒரு மனுஷன் மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு!”

வால்வுப் பெட்டி டாக்ஸி ரேடியோவை இழுத்துக்கொண்டது. குரல் மனைவியுடையது. திடுக்கிட்ட கிதார்காரரின் கை கம்பியை மேலே இழுத்தது. கம்பி, கையும் களவுமாகப் பிடிபட்ட ஆளைப் போல நெளிந்து குழைந்து ஒரு சமாதானம் சொன்னது.

“சாக்குப்போக்கெல்லாம் வேணாம்!” என்றது பெரியப்பா.

கிதார் இன்னும் தாழ்ந்துபோய்க் கெஞ்சியது. எட்டுப் பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். காற்று வாங்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். தெருவில் போனவர்களையும் கூட்டி வந்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார்: “எப்படிங்க இருந்துச்சு?”

“கிதாரைப் பேச வெச்சுட்டேன்” என்றார் கிதார்காரர். அது பொய்யில்லை. முழு உண்மையாக இருப்பதற்கு ஓர் ஆள்தான் குறைந்தது.

மறுநாளே மனைவி அதை டாக்ஸி ஆபீஸ் பூராவும் சொல்லிவிட்டார். “எங்க வீட்டுக்காரர் கிதார் வாசிச்சா அது பேசுமாம்!” அதற்கப்புறம் எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? சொன்னால் மைக்கில் மனைவியின் பேச்சு விறைத்துப்போகும் என்று கிதார்காரர் ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டார். சொல்லாமலே ஆறு வருஷம் ஓடிவிட்டது. கச்சேரிகளெல்லாம் மனைவியின் ஷிஃப்டில்தான் நடந்தன. அவர் லீவு போட்டால் கிதார்காரருக்கு வயிற்றுவலி வந்துவிடும். பத்திரிகை விமர்சகர் ஒருவர், ‘வந்து சேராத வாகனம் என்பது நவீன மனிதனின் தனிமையே’ என்று முக்கால் பக்கம் எழுதினார். அது வெறும் ஒன்பதாம் நம்பர். வந்து சேராததற்குக் காரணம் தூக்கம்.

கடைசியில் நகரத்தின் பெரிய அரங்கத்திலிருந்தே ஆள் வந்தது. அரங்கத்து மேனேஜர் சொன்னார்: “ஒரு நாள் வாசிங்க. கூட்டத்துக்குப் பிடிச்சுட்டா இந்த சீசன் பூரா உங்களுக்குத்தான். பிடிக்கலேன்னா நான் உங்களைப் பார்த்ததே இல்ல.”

கிதார்காரர் பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி அதைவிட உயரத்தில் பறந்துகொண்டிருந்தார்.

“லீவு சொல்லிட்டேங்க! முன் வரிசையில டிக்கெட்டும் வாங்கியாச்சு.”

“எதுக்கும்மா உனக்கு வீண் சிரமம்? சத்தம் காதைப் பிளக்கும்.”

“பிளக்கட்டும். ஆறு வருஷமா ஊரெல்லாம் கேட்டிருக்கு. கட்டின பொண்டாட்டி ஒரு நாள் கேட்கக் கூடாதா?”

“அப்ப மைக்குல யாரு பேசுவா?”

“முதலாளியே உட்கார்றேன்னிருக்கார்.”

முதலாளிக்கு ஊரில் இரண்டு தெருதான் தெரியும். ஒன்றில் ஆபீஸ் இருந்தது, மற்றதில் வீடு. கிதார்காரருக்கு உண்மையாகவே வயிறு வலித்தது.

“இப்பவாச்சும் சொல்லிடுங்க மாமா” என்றான் மைத்துனன்.

“உங்கக்காவ எனக்குத் தெரியும் மாப்ளே. கேட்டா என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவா.”

“சொல்லாம இருந்தா அந்தத் தோரணத்தை ஆயிரம் பேர் முன்னாடி கட்டுவா. எனக்கென்ன, நான் பின்னாடி உட்கார்ந்து அடிக்கிறவன்.”

அரங்கத்தில் ஒலி இன்ஜினியர் பெரியப்பாவை முன்னும் பின்னும் பார்த்தார். “இதுல எர்த் சரியில்லையே. வெளி ரேடியோவெல்லாம் உள்ள வரும். சரி பண்ணிடட்டுமா?”

மைத்துனன் குறுக்கே பாய்ந்தான். “சார், அதைச் சரி பண்ணினா எங்க குடும்பமே படுத்துடும்!”

திரை விலகியது. மனைவி முன் வரிசையில், புதுச் செருப்போடு, மடியில் கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிதார்காரர் கடவுளை நினைத்துக்கொண்டு குழாய்த் துண்டைக் கம்பியில் வைத்தார். பெரியப்பா கனைத்து, இருமி, வாயைத் திறந்தது.

“ஹலோ… ஹலோ… இதுல எந்தப் பொத்தானை அழுத்தணும்? அழுத்திட்டேனா?”

டாக்ஸி முதலாளி. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“நாலாம் நம்பர், நீங்க… வந்து… ரயில்வே ஸ்டேஷன் போங்க. பாலத்து வழியா போங்க. இல்ல, இருங்க. ஸ்டேஷன் எங்க இருக்கு?”

பின் வரிசையில் ஒருவர் எழுந்து காற்று வாங்கப் போனார். கிதார்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டார், பழைய ரசிகர்.

முன் வரிசையில் மனைவி திகைத்துப்போயிருந்தார். முதலாளியின் குரல் மேடையில் எப்படி வந்தது என்று யோசிக்கத்தான் ஆரம்பித்தார். ஆனால் வேலை புத்தி விடவில்லை.

“ஐயோ, பாலம் வேணாம்! பாலத்துல தார் போடுறாங்க!” என்று எழுந்து கத்தினார்.

கிதார்காரரின் விரல்கள் ஆறு வருஷப் பழக்கத்தில் தாமாகவே பதில் சொல்லின. கம்பி நெளிந்து, குழைந்து, ‘அப்ப எந்தப் பக்கம்?’ என்று கேட்டது. காற்று வாங்கப் போனவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“பின்னாடி மார்க்கெட் வழியா போகச் சொல்லுங்க!” என்று சொல்லிக்கொண்டே மனைவி மேடை ஏறினார். பாட்டுக்காக வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தார். அந்த மைக்கின் ஒயர் பெரியப்பாவின் முதுகில் செருகியிருந்தது. “நாலாம் நம்பர்! காது கேட்குதா? வண்டியைத் திருப்புங்க!”

இதற்குப் பிறகு நடந்ததை எந்த இன்ஜினியரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆறு வருஷமாகக் காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த பெரியப்பா அன்றைக்குச் சூடேறி, வாயையும் கொடுத்து, மனைவியின் குரலை டாக்ஸிகளுக்கே அனுப்பிவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது:

“அம்மா! வந்துட்டீங்களா! திருப்பிட்டேன்மா!”

அப்புறம் வரிசையாக எல்லா வண்டிகளும் வந்தன. “அம்மா, நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்.” “அம்மா, எனக்கு ஒரு சவாரியும் வரல.” மனைவி ஒவ்வொருவருக்கும் வழி சொன்னார், சிலரைத் திட்டினார், ஒன்பதாம் நம்பரைத் தட்டி எழுப்பினார். ஒவ்வொரு வரிக்கும் கிதார் கெஞ்சியது, கொஞ்சியது, முரண்டு பிடித்தது. பல் டாக்டரே வாயைத் திறந்து “ஆஹா” என்றார். கச்சேரி முடிந்தபோது அரங்கத்து வாசலில் பதினாலு டாக்ஸிகள் நின்றன. கூட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மனைவியே வரவழைத்தவை.

மேடைக்குப் பின்னால் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“கிதார் பேசுதுன்னீங்களே. பேசினது யாரு?”

“நீதான்மா.”

“ஆறு வருஷமா?”

“பதில் நான்தானே சொன்னேன்?” என்றார் கிதார்காரர், ஒரு தூணுக்குப் பின்னால் பாதி உடம்பை வைத்துக்கொண்டு.

மனைவி தூணைச் சுற்றிக்கொண்டு வந்தார். “ஆமா, சொன்னீங்க. நான் கேட்டதுக்கெல்லாம் ஒண்ணு விடாம. வீட்டுல ‘தொட்டியில வாளி நிரம்பிடுச்சா’ன்னு கேட்டா மட்டும் ஏங்க காதே கேட்காது?”

அரங்கத்து மேனேஜர் இடையில் புகுந்தார். சீசன் பூராவும் அவர்களுக்கே. மனைவி ஒரே நிபந்தனைதான் போட்டார்: ஷிஃப்டை விட முடியாது, ஆபீஸ் மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் மேடைக்கு வர வேண்டும். வந்தன. முதலாளி இரண்டு தெருவுக்குள் நிம்மதியாக இருந்தார். போஸ்டரில் மனைவியின் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. கீழே, பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்களின் வசதிக்காக, ‘கிதார்: வீட்டுக்காரர்’ என்று போட்டிருந்தார்கள்.

கிதார்காரர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வீட்டிலும் இப்போது கிதாரை மடியை விட்டு இறக்குவதில்லை.

“என்னங்க,” என்று சமையலறையிலிருந்து குரல் வரும், “வாளியை மாத்தினீங்களா?”

அவர் ஒரு கம்பியை லேசாக மேலே இழுத்து, நடுவில் தயங்கி, கீழே விடுவார்.

“மாத்தலையா? அப்ப எழுந்து வந்து மாத்துங்க.”