காவல் நின்ற விரால்

பாகூர் ஏரியில் ஆதிமூலம் தூண்டில் போடத் தொடங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆறு வருஷத்தில் ஒரு விரால்கூட அவர் கைக்கு வந்ததில்லை. கெளுத்தி வரும், கெண்டை வரும், ஒருமுறை ஆமை வந்தது. விரால் மட்டும் வராது. ஊருக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது.

"சொல்தா வராரு, விராலுங்கள்லாம் எழுந்து நின்னு சலாம் போடுங்கடா!" என்று மதகடியில் குளிக்கிறவர்கள் கத்துவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பியவர்களுக்கு அந்தப் பக்கத்தில் சொல்தா என்றுதான் பெயர். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பிறந்தது பனித்திட்டில், கடலோரத்தில். இருபத்திரண்டு வயதில் கப்பலேறியவர், நாற்பத்தொன்றில் திரும்பி வந்தபோது கடற்கரையில் இருக்கப் பிடிக்கவில்லை. கூடப் பிறந்தவர்களும் கூட விளையாடியவர்களும் வலை இழுத்துக் கறுத்துப்போயிருந்தார்கள். அவர்கள் முன்னால் சட்டை போட்டுக்கொண்டு நிற்பது என்னவோ போல இருந்தது. ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு மனைவி தெய்வநாயகியோடு வந்துவிட்டார். கடலை விட்டாலும் மரத்தை விட முடியவில்லை. மூன்று கட்டைகளைச் சேர்த்துத் தென்னங்கயிற்றால் வரிந்து, ஒரே ஆள் காலை நீட்டி உட்காரும் அளவுக்குச் சின்னதாக ஒரு கட்டுமரம் கட்டினார். முன்னால் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார், காற்று தள்ளினால் இறக்கிவிட. கையில் பிரான்சிலிருந்து கொண்டுவந்த கம்பும் ரீலும். தூண்டில் நரம்பின் நுனியில் முள்ளோடு ஒரு பளபளப்பான தகடு, கரண்டி மாதிரி. இழுத்தால் தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றி மின்னும்.

"கரண்டி இன்னாத்துக்கு மாமா? எங்க ஏரி மீனு கையாலதான் சோறு துன்னும்" என்பான் சுப்புராயன். தெய்வநாயகியின் தம்பி. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது அவனும் ஏரிக்கு வந்துவிடுவான். கேலி பேசினாலும் அவன் சொன்னது சரிதான். தகடு அல்லித்தண்டிலும் கோரையிலும் மாட்டிக்கொள்ளும். விரால் அதற்கு அடியில் படுத்திருக்கும்.

கிடைத்த கெளுத்தியையும் கெண்டையையும் அவர் கரையிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவார். கொண்டுபோனால் விராலைத்தான் கொண்டுபோவது என்று மனதுக்குள் ஒரு வீம்பு.

அந்த வருஷம் ஆடியில் தெய்வநாயகிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். கார்த்திகை பிறந்ததும், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அக்கா கலியம்மாள் வந்து கூட இருந்தாள். கஞ்சி, ரசம், இளநீர், எதை வைத்தாலும் நாயகி உதட்டை மூடிக்கொண்டாள்.

"இன்னாதான் வேணும், வாயத் தொறந்து சொல்லேண்டி" என்றாள் கலியம்மாள் அழுகையோடு.

"விரா கொழம்பு."

"இம்மாந்தானா? தம்பிகிட்டச் சொல்லி..."

"அவன் வாணாம்." நாயகி முகத்தைத் திருப்பி, வாசற்படியில் நின்ற கணவரைப் பார்த்தாள். "நீ புடிச்சாந்தா துன்னறேன்."

ஆதிமூலத்துக்குப் புரிந்தது. பனித்திட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், கரைக்கு வரும் புருஷனின் மீனைக் கூடையில் ஏந்துவதும், அதில் நல்லதாக ஒன்றை எடுத்துத் தன் சட்டியில் போடுவதும்தான். நாயகிக்கு அது ஒருநாளும் வாய்க்கவில்லை. பட்டாளத்துக்குக் கப்பலேறும் முன் தாலி கட்டி நாற்பது நாள் இருந்தார். நாற்பது நாளும் கடலுக்குப் போகவில்லை. அதன்பிறகு பத்தொன்பது வருஷம் மணியார்டர்தான் வந்தது. அதில் குழம்பு வைத்துத்தான் சாப்பிட்டாள்.

அவர் போனபின் ஒரு மகன் பிறந்தான். அய்யனார் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். கடிதம் அவர் பட்டாளம் இருந்த சைகோனுக்கு வந்து சேர ஒன்றரை மாதமாயிற்று. லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று அவர் பதில் எழுதினார். உண்மையில் அவர் லீவு கேட்கவில்லை. முகமே பார்க்காத பிள்ளை. செத்தான் என்று படித்தபோது உள்ளே எதுவும் அசையவில்லை. ஊருக்குப் போனால் அந்த அசையாமையை அவள் பார்த்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு வரி வீட்டுக்குள் சப்தமில்லாமல் இருந்துகொண்டிருந்தது.

முதல் நாள் விடியற்காலையிலேயே மரத்தைத் தள்ளினார். தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சுப்புராயன் பிடித்துக் கொடுத்த தவளையை மாட்டினார். தொடைத் தோலில் மட்டும் முள்ளைக் கோத்தால் தவளை சாகாது, அல்லி இலை மேல் தத்திக்கொண்டு போகும். விரால் கீழிருந்து வாயைப் பிளந்து கவ்வும். கவ்வியதும் இழுத்துவிடக் கூடாது. நரம்பைத் தளர விட்டு, அது தவளையைத் திருப்பி விழுங்கும்வரை பத்து எண்ணவேண்டும். அன்று ஒன்று கவ்வியது. அவரால் ஆறுக்கு மேல் எண்ண முடியவில்லை. இழுத்தார். வெறும் முள் வந்தது.

இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. ஏரி நிரம்பித் தளும்பியது. மூன்றாம் நாள் சுப்புராயன் தன் தெப்பத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. எனக்கு ஒண்ணு மாட்டினா தரேன். நீ புடிச்சதுன்னு சொல்லிக் குடுத்துடு. அக்காவுக்கு இன்னா தெரியப்போவுது."

"வாணாம்பா."

"அவ துன்னா போதும் எனக்கு. நீ புடிச்சா இன்னா, நான் புடிச்சா இன்னா?"

ஆதிமூலம் கம்பை நீட்டி, கோரைக்கு அப்பால் தண்ணீரில் செக்கச்செவேலென்று தெரிந்த ஒரு திட்டைக் காட்டினார். கை நிறையக் குங்குமத்தை அள்ளிக் கரைத்தது போல அது மெல்ல நகர்ந்தது.

"அந்தாண்ட போவாத மாமா. அத்தனையும் விராக் குஞ்சு. மூச்சு வாங்க மேல வருதுங்க. அடியில பெருசு காவல் நிக்கும். ராத்திரி பகல் துன்னாது. எது கிட்ட வந்தாலும் கோவத்துல கடிச்சித் துப்பும். கடிச்ச ஒடனே இழுத்தா ஒதட்டுல மாட்டிக்கும், புடிச்சிடலாம். ஆனா எவனும் தொடமாட்டான். அப்பங்காரனாச்சே, பெத்த கடனுக்கு நிக்கறான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். துடுப்பை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினான். "நேரமாச்சு, வரேன்" என்று போய்விட்டான்.

நான்காம் நாள் காலையில் நாயகியின் கண் குழிவிழுந்து கிடந்தது. கலியம்மாள் பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆதிமூலம் செருப்பு மாட்டாமல் ஏரிக்கு நடந்தார்.

சிவப்புத் திட்டு அதே இடத்தில் இருந்தது. அவர் கல்லை இறக்கவில்லை. காற்று மரத்தைத் தானாகக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் விட்டது. அப்படித்தான் பிறகு தன்னிடம் சொல்லிக்கொண்டார். துடுப்பு போட்டது அவர் கைதான்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நெல்மணி அளவுதான் ஒவ்வொன்றும். ஒரே மூச்சாக மேலே வரும், தண்ணீர் சிலிர்க்கும், ஒரே மூச்சாக இறங்கும். அவற்றுக்குக் கீழே ஒரு நீளமான இருட்டு அசையாமல் கிடந்தது. தவளையைத் திட்டுக்கு நடுவில் போட்டார்.

எண்ணுவதற்கு நேரமே இல்லை. தண்ணீர் வெடித்தது. அவரும் அந்தக் கணமே கம்பைத் தூக்கினார். நரம்பு விண்ணென்று இழுபட, மரம் தலையைத் திருப்பிக்கொண்டு மீன் போன பக்கம் போயிற்று. இரண்டு கால்களையும் கட்டைகளில் அழுத்தி, கம்பைத் தாழ்த்தி, மீன் கோரைக்குள் தலையை நுழைக்காதபடி பிடித்துக்கொண்டார். ஓடும் மீன் தூரத்துக்கு ஓடும். இது ஓடவில்லை. திரும்பத் திரும்பத் திட்டு இருந்த இடத்துக்கே வரப் பார்த்தது. அதனால்தான் சீக்கிரம் களைத்துப்போயிற்று. கைநீளம் இருந்தது. முள் உதட்டின் ஓரத்தில் மாட்டியிருந்தது. அதைத் தூக்கி முழங்கால்களுக்கு நடுவில் அழுத்திக்கொண்டபோது, ஆறு வருஷத்தின் ஆசை நிறைவேறிவிட்டது என்று நினைத்துப் பார்க்க முயன்றார்.

அதற்குள் பின்னால் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. கெண்டைகளும் கெளுத்திகளும் எங்கிருந்தோ வந்துவிட்டிருந்தன. அவர் திரும்பிப் பார்க்காமல் துடுப்பு போட்டார்.

வீட்டுக்குப் பின்னால் கலியம்மாள் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்தா புடிச்சிட்டாருடி! ஊரே வந்து பாக்கணும்" என்று சிரித்துக்கொண்டே வயிற்றைக் கீறியவள், "இன்னா இது, கொடல்ல ஒண்ணுமே இல்ல. பத்து நாளாத் துன்னாத மீனாட்டம் இருக்குது" என்றாள். சன்னலுக்கு அந்தப் பக்கம், பேச்சு கேட்கும் தூரத்தில், கட்டிலில் நாயகி கிடந்தாள். ஆதிமூலம் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

குழம்பு கொதித்து இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவரே தட்டில் சோற்றைக் குழைத்து, மீனை உதிர்த்துப் போட்டு எடுத்துவந்தார். தலையணையைச் சாய்த்து அவளை உட்காரவைத்தார். அவள் குழம்பின் வாசனையைக் கண்ணை மூடி இழுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து கேட்டாள்.

"குஞ்சுங்க இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சைகோனில் அந்த ஒரு வரியை எழுத எவ்வளவு நேரம் பிடித்ததோ, அவ்வளவுதான். சொன்னால் அவள் வாயைத் திறப்பாள். அவர் விரலில் பிடித்திருந்த கவளம் ஆறிக்கொண்டிருந்தது.

"இருந்துச்சி" என்றார்.

"எத்தினி?"

"எண்ணல. ஒரு மொறம் அகலத்துக்கு இருந்துச்சிங்க."

"இப்ப?"

"இருக்காது."

அவள் உதடு மூடிக்கொண்டது. அடுப்பங்கரையில் கலியம்மாள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது. கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, கேட்காததற்கும் சேர்த்து அவர் பதில் சொன்னார்.

"அப்ப லீவு நான் கேக்கல, நாயகி."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுச் சந்தில் விழுந்த வெயில் சுவரில் கொஞ்சம் நகரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பானா?"

"தெரியல."

"ஒன்ன மாதிரியேதான் இருப்பான்" என்றாள் அவள். "காது மட்டும் எங்கப்பன் காது. தூங்கறப்ப அதப் புடிச்சிக்கினேதான் தூங்குவான்."

மகனைப் பற்றி அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. ஆதிமூலத்துக்குள் ஏதோ அசைந்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு காதுக்காக. அதை அவள் பார்த்துவிடட்டும் என்று அவர் முகத்தைத் திருப்பாமல் இருந்தார். ஆனால் அவள் தட்டைப் பார்த்தாள்.

"சோறு ஆறுது. வீணாக்காத. நீ துன்னு."

"எனக்கு வாணாம்."

"புடிச்சாந்த இல்ல? துன்னு. நான் பாக்கறேன்."

அவர் தின்றார். விரால் கறி வெள்ளையாக, இறுக்கமாக, இனிப்பாக இருந்தது. அது ருசியாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பாதியில் நிறுத்தியபோது, "கொழம்பு ஊத்திக்க" என்றாள். ஊற்றிக்கொண்டார். "தலைய வுட்டுட்டியே" என்றாள். தலையையும் எடுத்துக்கொண்டார். கிழிந்த உதடு குழம்பில் வெந்து சுருண்டிருந்தது. கடலிலிருந்து வந்து உட்கார்ந்த ஒருவன் சாப்பிடுவதைப் பார்ப்பது போல, அவள் தட்டு காலியாகும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அதன்பிறகு சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கலியம்மாள் கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். கை காய்ந்து இறுகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.